ஈரமும் உரசலும் சேந்தா தோலுக்கு என்ன ஆகுது?

ஒரு தடவ மழையில நனைஞ்ச ஜீன்ஸோட ரெண்டு மணி நேரம் நடக்க வேண்டியதாப் போச்சு. நடக்கும்போது பெருசா ஒண்ணும் தெரியல, தொடை இடுக்குல லேசா ஒரு நமநமப்பு, அவ்ளோதான். வீட்டுக்கு வந்து ஷவர தொறந்து மொத தண்ணி அங்க பட்டுச்சு பாருங்க, உயிர் போய் உயிர் வந்துச்சு. குனிஞ்சு பாத்தா ரெண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு தோல் வழண்டு பளபளன்னு இருக்கு. அடுத்த மூணு நாள் கால அகட்டி அகட்டி நடந்துட்டு, கேக்கறவங்ககிட்ட எல்லாம் முட்டி வலினு சொல்லி சமாளிச்சேன்.

அன்னைக்கே ரெண்டு முட்டாள்தனம் பண்ணேன். சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு கழுவினேன், அது பத்தாதுன்னு மேல ஆன்டிசெப்டிக் லிக்விட தண்ணி கூட கலக்காம ஊத்தினேன், காந்தின காந்தல்ல சுவத்த புடிச்சுட்டு நின்னேன். ஏன்னா நம்ம மண்டையில இது ஏதோ அழுக்கு சமாச்சாரம்னு பதிஞ்சு கெடக்கு. அதனாலதான் வெளிய சொல்லவும் கூச்சம், டாக்டர்கிட்ட காட்டவும் கூச்சம். உண்மையில சுத்தத்துக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தமே கிடையாது, ஒரு நாளைக்கு ரெண்டு வேள குளிக்கறவனுக்கும் வரும், சொல்லப்போனா குளிச்சிட்டு அரைகுறையா தொவட்டிட்டு அவசரமா டிரஸ் மாட்டறவனுக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஈரத்த எடுக்கணும், உரசல குறைக்கணும், க்ரீம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஆனா முக்காவாசி பேர் க்ரீம்லருந்துதான் ஆரம்பிக்கறோம், அதனாலதான் வாரக்கணக்கா ஆற மாட்டேங்குது.

தோலோட மேல்மட்டம் இருக்கே, அது செத்த செல்லுங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது, உடம்புல பெரும்பாலான எடத்துல ஒரு 15லருந்து 20 அடுக்கு இருக்கும். அத்தனையும் சேத்தும் கனம் 10லருந்து 20 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டர அம்பதா வெட்டினா அதுல ஒரு துண்டு, இல்ல அதுலயும் பாதி. உள்ளங்கை, உள்ளங்கால்ல மட்டும் பல மடங்கு தடியா இருக்கும். செல்லுங்கள செங்கல்னு வச்சுக்கிட்டா நடுவுல இருக்கற சிமெண்ட் வந்து கொழுப்பு, அதாவது செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம்னு மூணு வகை கொழுப்பு கலந்த கலவை. இந்த சுவரு வளைஞ்சு குடுக்கணும்னா கொஞ்சம் ஈரம் வேணும், சுத்தமா காஞ்சா வெடிச்சிடும். ஆனா மணிக்கணக்கா ஈரத்துலயே கெடந்தா செங்கல் உப்பிடும், சிமெண்ட் இளகிடும். விரல்ல ரெண்டு நாள் ஒட்டியிருந்த பிளாஸ்திரிய பிரிச்சா உள்ள தோல் வெள்ளையா, ஊறிப்போய், நகத்தால சுரண்டினா வர்ற மாதிரி இருக்கும்ல, அதேதான். (நிறைய பேர் இதுக்கு உதாரணமா தண்ணில ஊறி சுருங்கற விரல் நுனிய சொல்லுவாங்க, அது வேற கதை, அந்த சுருக்கம் நரம்பு பண்ற வேல, நரம்பு அறுந்த விரல் எவ்ளோ நேரம் ஊறினாலும் அப்படி சுருங்காது.)

இப்ப உரசலுக்கு வருவோம். குளிச்சுட்டு சரியா தொவட்டாம பனியன் போட்டா என்ன ஆகும், முதுகுல பாதியில சுருண்டு மாட்டிக்கும், எவ்ளோ இழுத்தாலும் கீழ எறங்காது. அதே பனியன் காஞ்ச முதுகுல சர்ருன்னு எறங்கும். ஈரத்தோல் துணிய அந்தளவுக்கு புடிச்சு இழுக்குது. 1955லயே நெய்லர்னு ஒரு ஆராய்ச்சியாளர் தோலோட உரசல அளந்து பாத்திருக்கார், நல்லா காஞ்ச தோல்ல உரசல் கம்மி, தண்ணி வழியற தோல்லயும் கம்மி, நடுவுல நசநசன்னு இருக்கு பாருங்க, அதுலதான் உரசல் அதிகம். நம்ம அக்குளும் தொடை இடுக்கும் நாள் பூரா எந்த நெலமையில இருக்கு? அந்த நசநசப்புலதான். அதனாலதான் நீச்சல் குளத்துக்குள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, வெளிய வந்து ஈர டிரஸோட வீட்டுக்கு நடக்கும்போது புண்ணாகுது.

உரசல்னா மேலாப்புல ராவறது மட்டும் இல்ல. மேல்தோல் துணியோட ஒட்டிக்கிட்டு நிக்கும், உள்ள எலும்பும் சதையும் ஒவ்வொரு அடிக்கும் முன்ன பின்ன நகரும், நடுவுல இருக்கற அடுக்குங்க ரெண்டு பக்கமும் இழுபடும். இழுத்து இழுத்து ஒரு கட்டத்துல உள்ளயே பிஞ்சு அந்த எடைவெளியில தண்ணி கோத்துக்கும், அதுதான் கொப்புளம். புது செருப்பு கடிச்சுதுன்னு சொல்றோமே, குதிகால்ல நடக்கறது இதுதான், தோல் தடியா இருக்கற எடத்துல கொப்புளமா வரும், தொடை, அக்குள் மாதிரி மெல்லிசான எடத்துல கொப்புளம் நிக்க முடியாம நேரா வழண்டுடும். இதோட வேர்வை உப்பு வேற. வேர்வை காயும்போது தண்ணி மட்டும்தான் போகுது, உப்பு அங்கயே தங்கிடுது, ரொம்ப நேரம் ஓடினவங்க மூஞ்சில வெள்ளை வெள்ளையா பூத்திருக்கும் பாருங்க, அந்த தூள் ரெண்டு தொடைக்கு நடுவுல சிக்கினா உப்புத்தாள் வேலைய பண்ணும்.

எங்கெங்க வரும்னு கேட்டா, தோலும் தோலும் தொடற எடம், தோலும் துணியும் தேயற எடம், எல்லாம்தான். மார்புக்கு அடியில, வயித்து மடிப்புல, அக்குள்ல, பின்புறப் பிளவுல, கால்விரல் இடுக்குல, குழந்தைங்களுக்கு கழுத்து மடிப்புல, காதுக்கு பின்னாடி. சைக்கிள் ஓட்டறவங்களுக்கு சீட்டு படற எடத்துல, பை தூக்கறவங்களுக்கு தோள்ல பையோட பட்டைக்கு அடியில, செயற்கைக்கால் போட்டவங்களுக்கு அந்த குழி உக்கார்ற எடத்துல, பீரியட்ஸ் சமயத்துல பேட் ஓரத்துல. ஓடறவங்களுக்கு மார்க்காம்புல வந்து டி-ஷர்ட் முன்னாடி ரெண்டு ரத்தக்கோடு எறங்கும், 1977லயே ஒரு மருத்துவ பத்திரிகையில 'ஜாகர்ஸ் நிப்பிள்ஸ்'னு பேரோட எழுதிட்டாங்க. குண்டா இருக்கறவங்களுக்கு மடிப்பு அதிகம், காத்து போக வழி கம்மி, அதனால சீக்கிரம் வருது, அது உண்மைதான். ஆனா ஒல்லியா இருந்தா வராதுங்கறது சும்மா பேச்சு, இடுப்பு அமைப்புல ரெண்டு தொடையும் தொடற ஒல்லிப்பிச்சானுங்க எவ்ளோ பேர்.

சரி, வராம பாத்துக்கறது எப்படி. மொதல்ல துணி, ஏன்னா அங்கதான் பாதி விஷயம் இருக்கு. எல்லாத்துக்கும் காட்டன்தான் நல்லதுன்னு கேட்டு கேட்டு வளந்துட்டோம், சும்மா உக்காந்திருக்கும்போது சரிதான், ஆனா காட்டன் தண்ணிய விடாது. சாதாரண காத்துல இருக்கற ஈரத்தையே தன் எடையில சுமார் 8 சதவீதம் புடிச்சு வச்சுக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட புடிக்காது. வேர்த்து ஊத்தற அளவுக்கு நடக்கறீங்க, ஓடறீங்கன்னா காட்டன் உள்ளாடை நனைஞ்சு கனத்து, ஓரத்தையல் ஒரு கயிறு மாதிரி ஆகி, அந்த ஒரே கோட்டுல அறுத்துட்டே இருக்கும். அந்த நேரத்துக்கு ஈரத்த வெளிய கடத்தற சிந்தடிக் துணி, தொடை பாதி வரைக்கும் வர்ற டைட் ஷார்ட்ஸ், தட்டையான தையல், இதுதான் சரி. ஸ்கர்ட் போடறவங்க உள்ள இந்த மாதிரி ஷார்ட்ஸ் போட்டாலே தொடை உரசல் பிரச்சனை முக்கால்வாசி தீந்துடும், தோலும் தோலும் தேயறதுக்கு பதிலா துணியும் துணியும் தேயும். சாக்ஸ்லயும் இதே கததான், 1990ல ஓட்டக்காரங்கள வச்சு காட்டனையும் அக்ரிலிக்கையும் ஒப்பிட்டு பாத்ததுல காட்டன் போட்டவங்களுக்குத்தான் கொப்புளம் அதிகம் வந்துச்சு. அப்புறம் லூசா போட்டா காத்து வரும்னு நெனச்சு லூசா மாட்டறோம், லூசான ஈரத்துணி சுருண்டு மடிஞ்சு இன்னும் மோசமா தேய்க்கும்.

ரெண்டாவது வழுக்கல். பெட்ரோலியம் ஜெல்லி இன்னைக்கு நேத்து வந்ததில்ல, அமெரிக்காவுல எண்ணெய் கெணறு தோண்டின எடத்துல பம்பு கம்பியில மெழுகு மாதிரி ஒண்ணு படிஞ்சு வேலைய கெடுக்குமாம், அங்க வேல பாத்த ஆளுங்க அத எடுத்து வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவறத 1859ல செஸ்ப்ரோன்னு ஒரு இளம் வேதியியல்காரர் கவனிச்சார், அத சுத்தப்படுத்தி 1872ல வாசலின்னு பேட்டண்ட் வாங்கினார். தோல் வழியா வெளிய போற தண்ணிய இது சுமார் 98 சதவீதம் வரைக்கும் தடுக்கும். அதுதான் இதோட பலமும் வம்பும். காஞ்ச தோல்ல, ஓடறதுக்கு முன்னாடி, மெல்லிசா தடவினா உரசலும் படாது, வேர்வையும் தோலுக்குள்ள ஊறாது. ஏற்கனவே ஊறிப்போன தோல் மேல அப்பினா ஈரத்த உள்ள வச்சு மூடி போட்ட மாதிரி. கொழகொழப்பு புடிக்காதவங்களுக்கு டைமெதிகோன், அதாவது சிலிகான் கலந்த க்ரீமோ ஸ்டிக்கோ இருக்கு, துணியில ஒட்டாது, கறை படாது, ஆனா ரொம்ப நேரம் ஓடினா நடுவுல மறுபடி தடவணும். குதிகாலுக்கும் விரலுக்கும் பேப்பர் டேப் சுத்திக்கறது இன்னொரு வழி, பல நாள் ஓடற அல்ட்ரா மாரத்தான் ஆளுங்கள வச்சு 2016ல வெளியான ஒரு ஆய்வுல டேப் ஒட்டின எடத்துல கொப்புளம் 40 சதவீதம் கம்மியாச்சு, இத்தனைக்கும் அது ரொம்ப மலிவான, லேசா ஒட்டற சாதா டேப்புதான்.

பவுடர் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு பவுடர்தான் உயிர். லேசான வேர்வைக்கு, காஞ்ச தோல்ல, ஒரு சிட்டிக போட்டா பரவால்ல. ஆனா அதிகமா போட்டா வேர்வையில கொழஞ்சு மாவு மாதிரி உருண்டு இடுக்குல ஒக்காந்துக்கும், அப்புறம் அதுவே தேய்க்கும். தோல் கசியற எடத்துல போட்டா ஒட்டி காஞ்சு, எடுக்கும்போது தோலும் சேந்து வரும். டால்கம் பவுடர குழந்தை பக்கத்துல தட்டவே தட்டாதீங்க, அந்த தூள் நுரையீரலுக்குள்ள போனா ஆபத்து. போதாக்குறைக்கு 2024 ஜூலைல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு டால்க்க 'மனுசங்களுக்கு புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்பு இருக்கு'ங்கற 2ஏ பட்டியல்ல சேத்திருக்கு. நான் பவுடர விட்டு ரொம்ப நாளாச்சு, அதுக்கு பதிலா குளிச்சதும் ஒத்தி ஒத்தி தொவட்டிட்டு ரெண்டு நிமிஷம் ஃபேன் அடியில சும்மா நிக்கறது, அவ்ளோதான். மடிப்பு ஆழமா இருக்கறவங்க ஹேர் டிரையர சூடில்லாத காத்துல வச்சு தூரத்துல புடிச்சு காய வைக்கலாம், மடிப்புக்கு நடுவுல ஒரு மெல்லிசான, சுத்தமான காட்டன் துணி வச்சு நனைஞ்சதும் மாத்தலாம் (இங்க காட்டன் ஓகே, ஏன்னா இங்க ஈரத்த உறிஞ்சறதுதான் அதோட வேலயே). டிஷ்யூ பேப்பர் வைக்காதீங்க, கிழிஞ்சு உள்ளயே ஒட்டிக்கும்.

வந்துடுச்சு, காந்துது, இப்ப என்ன பண்றது? புண்ணாகாம எரிச்சல் மட்டும்னா வெறும் தண்ணி, இல்ல காரம் இல்லாத க்ளென்சர், கையால லேசா. சாதா சோப்போட பி.எச் (புளிப்பா காரமான்னு அளக்கற எண், 7க்கு கீழ புளிப்பு, மேல காரம்) 9, 10 இருக்கும், தோலு வேலை செய்யறது 5 பக்கத்துல, அந்த லேசான புளிப்புதான் கிருமிங்கள அடக்கி வைக்குது, சோப்பு போட்டு தேய்க்க தேய்க்க அத நாமளே கழுவி விடறோம். ஒத்தி தொடைச்சு காய விட்டு, மேல ஜிங்க் ஆக்சைடு க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசா போட்டு, ரெண்டு மூணு நாள் அந்த எடத்துக்கு ரெஸ்ட் குடுத்தா தானா ஆறிடும். ரெஸ்ட்னா நெஜமாவே ரெஸ்ட், 'இன்னைக்கு கொஞ்சமா மட்டும் ஓடறேன்' எல்லாம் கிடையாது. கொப்புளம் இருந்தா மேல்தோல உரிக்காதீங்க, அதவிட நல்ல கட்டு கடையில கிடைக்காது. ரொம்ப அரிச்சா 1% ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற லேசான ஸ்டிராய்டு க்ரீம ரெண்டு மூணு நாளைக்கு மெல்லிசா போடலாம், அதுக்கு மேல டாக்டர கேக்காம தொடராதீங்க. ஸ்பிரிட், ஆன்டிசெப்டிக், வாசன லோஷன், ஜில்லுனு இருக்கும்னு மென்தால், இது எதுவும் வழண்ட தோல்கிட்ட போகக் கூடாது, நான்தான் பட்டாச்சே.

மூணு நாலு நாள்ல கொறையல, பரவுது, வாடை வருதுன்னா வேற விருந்தாளி உள்ள வந்தாச்சுன்னு அர்த்தம். இந்த கட்டத்துல ஒரு டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துட்டு ஒக்காந்து நல்லா பாருங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, உங்க உடம்புதான். மடிப்போட ஆழத்துல நல்லா ஈரமா செவந்து, அதுக்கு வெளிய தள்ளி தள்ளி சின்ன சின்ன புள்ளியா, சீழ் தலையோட கூட, சிதறிக் கெடந்தா அது பெரும்பாலும் கேண்டிடாங்கற ஈஸ்ட், ஃபங்கஸ்ல ஒரு வகை. வளையம் மாதிரி ஓரம் மட்டும் தூக்கலா, செதில் செதிலா, நடுவுல தெளிஞ்ச மாதிரி இருந்து, தொடைப் பக்கமா எறங்கிட்டே போனா அது படர்தாமரை. ஆம்பளைங்களுக்கு ஒரு சின்ன க்ளூ, படர்தாமரை பொதுவா விதைப்பையில ஏறாது, கேண்டிடா ஏறும். அரிப்பே பெருசா இல்லாம பழுப்பு நிறத்துல ஒரு தேமல் மாதிரி மாசக்கணக்கா அப்படியே இருந்தா எரித்ராஸ்மாவா இருக்கலாம், அது ஃபங்கஸே இல்ல, பாக்டீரியா, டாக்டர் இருட்டுல ஊட்ஸ் லாம்ப்ங்கற புற ஊதா விளக்க அடிச்சா பவள நிறத்துல மின்னும், அத பாத்தவங்க மறக்க மாட்டாங்க. பளபளன்னு, ஓரம் கோடு போட்ட மாதிரி, எந்த க்ரீமுக்கும் மசியாம இருந்தா சில சமயம் அது மடிப்புல வர்ற சொரியாசிஸ். இன்னொண்ணு, படத்துல எல்லாம் 'செவப்பா இருக்கும்'னு போட்டிருப்பாங்க, நம்ம மாதிரி மாநிறம், கருப்பு தோல்ல செவப்பு அப்படி பளிச்சுன்னு தெரியாது, கத்திரிப்பூ நிறமாவோ பழுப்பாவோ, சுத்தியிருக்கற தோல விட கருத்தோதான் தெரியும், தொட்டா சூடா இருக்கான்னு பாத்தா இன்னும் நல்லா புரியும்.

ஏன் இவ்ளோ பிரிச்சு பாக்கணும்னா மருந்து மாறும். க்ளோட்ரிமசோல் 1%, மைகோனசோல் 2% ரெண்டும் கேண்டிடா, படர்தாமரை ரெண்டுக்கும் வேல செய்யும், ஒரு நாளைக்கு ரெண்டு வேள, ரெண்டுலருந்து நாலு வாரம். டெர்பினாஃபின் படர்தாமரைக்கு பிரமாதம், கேண்டிடாவுக்கு அவ்ளோ இல்ல. நிஸ்டாட்டின் அப்படியே உல்டா, கேண்டிடாவுக்கு மட்டும்தான், படர்தாமரைக்கு போட்டு பிரயோஜனமே இல்ல. எதுவா இருந்தாலும் அரிப்பு நின்ன அன்னைக்கே ட்யூப மூடி வைக்கறதுதான் நாம பண்ற பெரிய தப்பு, பாக்க சரியான பிறகும் ஒரு வாரமாவது தொடரணும், தெரியற ஓரத்த தாண்டி ரெண்டு விரக்கட வெளியவும் சேத்து தடவணும். கால்விரல் இடுக்குல சேத்துப்புண் இருக்கறவங்க ஜட்டி போடறதுக்கு முன்னாடி சாக்ஸ் போட்டுக்கங்க, சிரிக்காதீங்க, கால்ல இருக்கற ஃபங்கஸ் ஜட்டி வழியா மேல ஏறி தொடை இடுக்குக்கு வரும், நிறைய பேருக்கு இங்க மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வர காரணம் கால பாக்காம விட்டதுதான். காலுக்கு தனி டவல்.

இப்ப மருந்துக்கடையில கேட்டு வாங்கற மூணு-இன்-ஒன் க்ரீமுக்கு வருவோம், ஸ்ட்ராங்கான ஸ்டிராய்டு, ஆன்டிபயாட்டிக், ஃபங்கஸ் மருந்து மூணும் ஒரே ட்யூப்ல. போட்ட மறுநாளே அரிப்பு காலி, அதனால கேக்கறவனுக்கும் சந்தோஷம், குடுக்கறவனுக்கும் சந்தோஷம். ஆனா அரிப்ப நிறுத்தினது ஸ்டிராய்டு, ஃபங்கஸ் சாகல, அத எதுத்து சண்ட போட்டுட்டு இருந்த நம்ம உடம்பத்தான் ஸ்டிராய்டு தூங்க வச்சிருக்கு. நிறுத்தினதும் முன்ன விட அகலமா வரும், வளையம் அழிஞ்சு, அடையாளமே தெரியாத மாதிரி உருமாறி வரும், டாக்டருங்களே இதுக்கு 'டீனியா இன்காக்னிட்டோ'ன்னு பேர் வச்சிருக்காங்க, மாறுவேஷம் போட்ட படர்தாமரைன்னு சொல்லலாம். அதுலயும் மடிப்புல தோல் மெல்லிசு, மூடியே கெடக்கற எடம், மருந்து பல மடங்கு உள்ள எறங்கும், நாலஞ்சு மாசம் போட்டுட்டே இருந்தா தோல் சிகரெட் பேப்பர் மாதிரி ஆகி செவப்பு கோடு கோடா வெடிக்கும், அந்தக் கோடு வாழ்நாள் பூரா போகாது. இந்த விஷயத்துல எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது, டாக்டர் பாத்து எழுதாம அந்த ட்யூப தொடாதீங்க.

ஈரமும் உரசலும் மட்டும் இல்லாம மூத்திரமும் மலமும் சேந்தா நெலம இன்னும் மோசம், டயப்பர் போடற குழந்தைங்களுக்கும் படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்களுக்கும் இதேதான். மூத்திரத்துல இருக்கற யூரியாவ கிருமிங்க அம்மோனியாவா மாத்தும், தோலோட புளிப்பு போயிடும், அந்த சூழல்ல மலத்துல இருக்கற செரிமான என்சைம்களுக்கு கொண்டாட்டம், கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கறதுதானே அதுங்க வேல, தோல் எதால ஆனது, அதேதான். எங்க பாட்டி கடைசி எட்டு மாசம் படுக்கையில இருந்தாங்க. நான் ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் அந்த வெள்ள ஜிங்க் பேஸ்ட்ட சுத்தமா தொடைச்சு எடுத்துட்டு புதுசா போடுவேன், நம்ம பொறுப்பா இருக்கோம்னு ஒரு நெனப்பு, பாட்டி பல்ல கடிச்சுட்டு 'மெல்லமா கண்ணு'ம்பாங்க. வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா ஒரு நாள் பாத்துட்டு கைய புடிச்சு நிறுத்தினாங்க. "ஏம்ப்பா சுரண்டறீங்க? மேல இருக்கற அழுக்க மட்டும் எண்ணெய் தொட்ட பஞ்சால எடுங்க, அடியில இருக்கற பேஸ்ட் அப்படியே இருக்கட்டும், அது மேலயே இன்னொரு பூச்சு பூசுங்க. அது மருந்து இல்ல, சுவரு." அஞ்சாறு நாள்ல அந்த எடம் காஞ்சு வர ஆரம்பிச்சுது. குழந்தைக்கும் இதே முறைதான். டயப்பர் நனைஞ்சதும் மாத்தணும், வாசன வைப்ஸ்ஸுக்கு பதிலா தண்ணியும் பஞ்சும், கொஞ்ச நேரம் எதுவும் போடாம காத்தோட்டமா விடணும். டயப்பர் படற மேட்டுப்பகுதி மட்டும் செவந்து மடிப்பு உள்ள நல்லா இருந்தா அது வெறும் எரிச்சல், மடிப்புக்குள்ளயும் பூந்து ஓரத்துல புள்ளி புள்ளியா இருந்தா கேண்டிடா, பேஸ்ட் மட்டும் பத்தாது.

எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்னா, காய்ச்சல் வந்தா, செவப்போ சூடோ மணிக்கு மணி பரவினா, சீழ் வடிஞ்சா, கெட்ட வாடையோட பச்சையா ஈரம் கசிஞ்சா, ரெண்டு வாரம் ஒழுங்கா பாத்தும் ஆறலைன்னா. பாக்க சின்னதா இருந்து வலி மட்டும் தாங்க முடியாத அளவுக்கு இருந்தா, அதுவும் சுகர் இருக்கறவங்களுக்கு பிறப்புறுப்பு பக்கம்னா, காலையில பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது, ராத்திரியே கெளம்பணும். அக்குள்லயும் தொடை இடுக்குலயும் திரும்பத் திரும்ப கட்டி கட்டியா வந்து ஒடஞ்சு தழும்பாகுதுன்னா அது உரசல் புண் இல்ல, ஹைட்ராடினைட்டிஸ்னு தனி வியாதி, வருஷக்கணக்கா 'சூட்டுக்கட்டி'ன்னு சொல்லியே தள்ளிப் போட்டவங்க நிறைய.

திரும்பத் திரும்ப கேண்டிடா வருதுன்னா ரத்தத்துல சுகர் பாத்துடுங்க. எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் கண்டுபுடிச்சாங்க, அரிப்புக்கு க்ரீம் கேக்கப் போனவர், டாக்டர் க்ரீம் எழுதாம மொதல்ல விரல்ல ஊசி குத்தினார். சுகருக்கு ஏற்கனவே மாத்திர எடுக்கறவங்களும் மாத்திர பேர ஒரு தடவ பாருங்க, டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி கடைசியில 'க்ளிஃப்ளோசின்'னு முடியற வகை சுகர மூத்திரம் வழியா வெளிய தள்ளற மாத்திரைங்க, நல்ல மருந்துதான், ஆனா அந்த சுகர் ஈஸ்ட்டுக்கு விருந்து. அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஒவ்வொரு தடவ போயிட்டு வந்ததும் கழுவி ஒத்தி எடுக்கறதே பல பேருக்கு போதும்.

புண் ஆறினதுக்கு அப்புறம் அந்த எடம் கருத்துப் போகும், மாசக்கணக்கா அப்படியே இருக்கும், தேய்ச்சா போகாது, தேய்ச்சா இன்னும் கருக்கும். உரசல் நின்னா தானா மெதுவா வெளுக்கும், எனக்கு கிட்டத்தட்ட அஞ்சு மாசம் ஆச்சு. ஆனா புண்ணே வராம கழுத்துலயும் அக்குள்லயும் வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கருத்திருந்தா அது வேற, அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்னு பேரு, பெரும்பாலும் இன்சுலின் சரியா வேல செய்யாததோட அறிகுறி. அதயும் அழுக்குன்னு நெனச்சு பீர்க்கங்கா நார வச்சு தேய்ச்சுட்டுதான் இருக்கோம்.